எண்ணிக்கை போதாது என்று பதில் எழுதியவர்களுக்கு

வன்னி மக்களின் சுகாதார சேவைக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

நாங்கள் 64 பேர் கையெழுத்து வைத்து அனுப்பிய கோரிக்கைக்கு உங்கள் பதில் போன மாதம் வந்தது. அரைப் பக்கம். கை கால்களில் நரம்பு அறுந்தவர்களைப் பார்க்க வன்னியிலேயே ஒரு கிளினிக் வேண்டும் என்று கேட்டிருந்தோம். தேவைப்படும் நோயாளர்களின் எண்ணிக்கை போதுமானதாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு விடவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை எங்கள் பக்கம் வந்துபோன பிசியோதெரபி சேவையையும் அதே காரணத்துக்காக நிறுத்துவதாகக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள்.

அந்த வரியை வாசித்துவிட்டு மடித்து வைக்க என்னால் முடியவில்லை. நான் விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் இடது கையால் எழுதுகிறேன். பிறவியில் நான் வலது கைக்காரி. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் என் தம்பியின் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023 பங்குனி. அவனுக்கு அப்போது 21 வயது, மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கூரைக்கு ஏற்றிய தகரம் ஒன்று வழுக்கி வந்து, வலது முழங்கைக்கு இரண்டு விரல் மேலே, உட்பக்கமாக வெட்டிவிட்டது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சின்னவிரல் வரை சுள்ளென்று ஓடுமே, அந்த நரம்பு போகிற இடம். இரத்தத்தை நிறுத்தி, காயத்தைக் கழுவி, 14 தையல் போட்டு அனுப்பினார்கள். நன்றாகத்தான் தைத்திருந்தார்கள். பத்தாம் நாள் தையல் வெட்டும்போது, "சின்னவிரலும் மோதிரவிரலில் பாதியும் விறைக்குது" என்று சொன்னான். "காயம் ஆற விறைப்பும் போயிடும் தம்பி" என்றார்கள். ஒரு மாதம் கழித்துக் கிளினிக்கில் விற்றமின் குளிசை கொடுத்தார்கள். ஆனி மாதம் அந்த இரண்டு விரலும் உள்ளே மடங்கத் தொடங்கின. அதைக் கண்ட பிறகுதான், வேறு மாவட்டத்தில் நரம்புப் பரிசோதனை செய்துவரச் சொல்லித் துண்டு எழுதினார்கள். ஆவணியில் திகதி கிடைத்தது. விடிய முந்தி பஸ் பிடித்துப் போனோம். அன்றைக்கு மெஷின் வேலை செய்யவில்லை. புரட்டாதியில் இன்னொரு திகதி. ஐப்பசியில் சத்திரசிகிச்சை.

காயம் பட்டு ஏழு மாதம்.

சத்திரசிகிச்சை செய்தவர் பொறுமையானவர், எங்களோடு இருந்து கதைத்தார். நரம்பு முழுதாக அறுந்திருந்தது என்றும், இரண்டு முனையும் பின்வாங்கி, மேல்முனையில் கட்டி போலத் திரண்டிருந்தது என்றும் சொன்னார். நேரே இழுத்துத் தைக்க எட்டவில்லை. காலில் இருந்து ஒரு உணர்வு நரம்பை எடுத்து இடைவெளிக்கு ஒட்டுப் போட்டிருந்தார். "முதல் மாதத்திலேயே வந்திருந்தால் இரண்டு முனையையும் பிடித்து நேரே தைத்திருப்பேன்" என்றார். வெட்டுக்காயமும் விறைப்பும் சேர்ந்து இருக்கும்போது மெஷின் பரிசோதனைக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை, திறந்து பார்ப்பதுதான் வழி என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தோம்.

நீங்கள் எல்லோரும் வைத்தியம் தெரிந்தவர்கள். ஆனால் இந்த மடலை எங்கள் ஊர்ச் சனமும் வாசிக்கும். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன்.

நரம்பு அறுந்தால் அறுந்ததுதான் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அது பெரும்பாலும் சரி. கை கால் நரம்புக்கு அப்படி இல்லை, அது திரும்ப வளரும். அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள இழைகள் சில நாட்களில் சிதைந்துவிடும். இதை வாலர் என்ற ஆங்கிலேயர் 1850இலேயே எழுதிவைத்தார். இழை போனாலும் அது கிடந்த உறை அப்படியே இருக்கும், தண்ணீர் வற்றிய வாய்க்கால் போல. மேல்முனையில் இருந்து புது இழை முளைத்து, அந்த வாய்க்காலின் வாயைக் கண்டுபிடித்து, அதன் வழியே கீழே இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அவ்வளவுதான் அதன் வேகம்.

கீழே தசை காத்திருக்கிறது. ஆனால் நரம்பு இல்லாத தசை மெலிந்துகொண்டே போகும். 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால், பிறகு வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளும் நிலையில் தசை இருக்காது. வாய்க்காலும் நாள் போகப் போகத் தூர்ந்துவிடும். இரணைமடுத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் விதைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பயிர் கருகிய பிறகு கதவைத் திறந்தால் தண்ணீர் வரத்தான் செய்யும், குடிக்கப் பயிர் இருக்காது.

தையல் நாடாவை எடுத்து மருமகனின் கையை அளந்தேன். தழும்பில் இருந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் தசை வரை 37 சென்ரிமீற்றர். 370 நாள். முதல் கிழமையில் தைத்திருந்தால் ஒரு வருசமும் கொஞ்சமும். ஏழு மாதம் கழித்துத் தைத்ததால் 19 மாதத்துக்கு மேல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கூட்டல் இது. அந்தக் கையின் தலைவிதி இந்தக் கூட்டலில் இருந்தது. ஏழு மாதமாக அதை ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறை, சனிக்கிழமை பின்னேரம், அவனை எங்கள் திண்ணையில் இருத்தி நானே பார்த்தேன். பேனாவின் பின்பக்கத்தால் முன்கையின் உட்பக்கத்தை மேலிருந்து கீழே மெதுவாகத் தட்டிக்கொண்டு போவேன். ஓரிடத்தில், "மாமி, இங்க" என்பான். சின்னவிரலுக்கு மின்சாரம் ஓடியது போல இருக்குமாம். வளர்ந்து வரும் இழைகளின் நுனி அங்கேதான் நிற்கிறது. தினெல் என்ற பிரெஞ்சு வைத்தியர் முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர்களிடம் கண்டு 1915இல் எழுதிய சோதனை. அந்த இடத்தில் நீலப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தழும்பில் இருந்து எவ்வளவு தூரம் என்று அவனது கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். முதல் இரண்டு மாதமும் புள்ளி அசையவில்லை. பிறகு மூன்று சென்ரிமீற்றர், மூன்று, இரண்டரை, மூன்று. புள்ளி கீழே இறங்க இறங்க வீட்டில் ஒரு சந்தோசம் இருந்தது. 2024 ஐப்பசி முடிவில் அது மணிக்கட்டுக்கு வந்தது. தம்பியின் மனைவி அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினாள்.

காயம் பட்டு அப்போது 19 மாதம். நான் கணக்குத் தெரிந்தவள். பாயாசத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

இப்போது சின்னவிரலில் தொட்டால் தெரிகிறது, சூடு தெரிகிறது. அதற்கு அந்தச் சத்திரசிகிச்சை வைத்தியருக்கு நன்றி சொல்கிறோம். இடைப்பட்ட காலத்தில் ஒருநாள் மோட்டார் சைக்கிளின் சைலன்சரில் விரல் பட்டு வெந்ததைத் தோல் கருகும் மணம் வந்த பிறகுதான் கண்டான். அந்தப் பயம் இனி இல்லை. ஆனால் கையின் சின்னத் தசைகள் திரும்பவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே புறங்கையில் குழி விழுந்திருக்கிறது. ஒரு கடதாசியை அந்த இரண்டு விரலுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி இழுத்தால், பெருவிரல் நுனி மடங்கி, கடதாசி கழன்று வந்துவிடும். சேட்டுப் பொத்தானை இடது கையால் பூட்டுகிறான். மேசன் கரண்டியைப் பிடித்தால் பிடிப்பான், சாந்தோடு திருப்ப முடியாது. 23 வயதில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறான், அதுவும் இடது கையால். எங்கள் குடும்பத்தில் இடது கைக்குப் பழகிய இரண்டாவது ஆள்.

இனி மின்சாரத்தைப் பற்றி. எங்கள் கோரிக்கையில் இதை ஒரு பந்தியாக எழுதியிருந்தோம். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகள் போனில் சொல்லித்தான் நான் இதை வாசிக்கத் தொடங்கினேன். கனடாவில் ரெசா கோர்டன் என்ற விஞ்ஞானி பல வருடங்களாக, முதலில் எட்மன்டனிலும் பிறகு ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையிலும் செய்த ஆராய்ச்சி. எலியின் தொடை நரம்பை வெட்டித் தைத்துவிட்டு, தைத்த இடத்துக்கு மேலே மெல்லிய கம்பி வைத்து, செக்கனுக்கு 20 தடவை சிறு மின்துடிப்புக் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் மட்டும். 2000ஆம் ஆண்டு அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவு இது: சாதாரணமாக எல்லா இயக்க நரம்புகளும் வளர்ந்து இறங்க 8 முதல் 10 கிழமை எடுக்கும், துடிப்புக் கொடுத்தவற்றில் 3 கிழமையில் அந்த வேலை முடிந்தது. இரண்டு கிழமை விடாமல் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலம் கொடுத்ததை விடக் கூடுதல் பலன் இல்லை.

ஒரு மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது? நரம்பிழை வளரும் வேகம் கூடுவதில்லை, அது அதே ஒரு மில்லிமீற்றர்தான். தைத்த இடத்தைத் தாண்டுவதில்தான் வித்தியாசம். இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாண்டுவதில்லை. சில உடனே தாண்டும், சில வாரக்கணக்கில் அங்கேயே தடுமாறி நிற்கும். என் மருமகனின் கையில் இரண்டு மாதம் அசையாமல் நின்ற புள்ளியை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு ஒட்டுப் போட்டதால் தாண்ட வேண்டிய தையல் இரண்டு. மின்துடிப்பு நரம்பு வழியே மேலேறி, முதுகுத்தண்டில் இருக்கும் நரம்புக்கலத்தின் உடலுக்குப் போய், வளர்ச்சிக்குத் தேவையான புரதங்களைச் செய்ய அதைத் தூண்டுகிறது. அந்தத் துடிப்பு மேலே போகாமல் மருந்தால் தடுத்தபோது பலனும் இல்லாமல் போனது. கலத்தை எழுப்பிவிட்டால் தடுமாறி நிற்கும் இழைகளும் முன்கூட்டியே புறப்படுகின்றன.

எலியோடு நின்றுவிட்ட விஷயமும் இல்லை. மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டுச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு எட்மன்டனில் கொடுத்துப் பார்த்து 2010இல் முடிவு வெளியிட்டார்கள், தசைக்கு நரம்பு திரும்புவது விரைவாக இருந்தது. விரல் நரம்பு முழுதாக அறுந்து தைக்கப்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2015இல் வந்தது, தொடுவுணர்ச்சி கூடுதலாகத் திரும்பியது. 2020இல் வந்தது எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. முழங்கையில் கடுமையாக நெரிபட்ட அதே நரம்பு, என் மருமகனுக்கு அறுந்த அதே நரம்பு. மூன்று வருசம் பின்தொடர்ந்து பார்த்ததில், சத்திரசிகிச்சையோடு மின்துடிப்பும் பெற்றவர்களின் கைப் பலம் சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட நன்றாகத் தேறியிருந்தது.

இது மந்திரம் என்று நான் சொல்லவில்லை. பெரிய நரம்பு முழுதாக அறுந்தவர்களிடம் செய்யும் ஆய்வுகள் இன்னும் நடக்கின்றன. நாளைக்கே எல்லோருக்கும் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நரம்பைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிறிய மின்தூண்டி பாவிப்பது வைத்தியர்களுக்குப் புதிதல்ல. கேட்கப்படுவது ஒரு மணித்தியாலமும் அதைச் செய்யத் தெரிந்த ஒரு கையும். என் மருமகனுக்குச் சத்திரசிகிச்சை செய்தவரிடம் கேட்டேன். தானும் வாசித்திருப்பதாகவும், தனி ஆளாகத் தொடங்க முடியாது, மேலிடத்து ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னார். அந்த மேலிடம் நீங்கள்.

நீங்கள் பேசாமல் இருக்கும் இடத்தில் வேறு ஆட்கள் வந்து பேசுகிறார்கள். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருசம் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் எங்கள் ஊருக்கு ஒரு பெட்டியோடு வந்தார். நரம்பு மெஷின் என்றார். இரண்டு ஒட்டுப் பட்டையைக் கையில் ஒட்டி, "கரண்ட் பிடிச்சால்" ஆறு மாதத்தில் நரம்பு முளைக்கும் என்றார். என் தம்பி மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கிவிட்டான். நான் பாடசாலையால் வந்து பார்க்கும்போது, உணர்ச்சி இல்லாத தோலில் பட்டை ஒட்டியிருந்த இடம் சிவந்து கொப்பளித்திருந்தது. தோலுக்கு மேலே ஒட்டித் தசையைத் துடிக்க வைப்பது வேறு. தைத்த நரம்புக்கு, தைத்த அன்றைக்கே, கூடத்துக்குள் வைத்து வைத்தியர் கொடுக்கும் அந்த ஒரு மணித்தியாலம் வேறு. இரண்டுக்கும் "கரண்ட்" என்ற ஒரே பேர்தான் ஊரில். அந்த வித்தியாசத்தைச் சொல்லித் தர இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த ஒரே ஆள் பிசியோதெரபி தங்கச்சிதான். அவரின் வரவைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

சரி, என் கை. 2009 சித்திரையில் வலைஞர்மடத்தில் ஒரு செல் துண்டு என் வலது மேற்கையால் புகுந்து வெளியே போனது. எலும்பைச் சுற்றிப் போகும் நரம்பு அதோடு போனது. மணிக்கட்டு தொங்கிவிட்டது, விரல்களை நிமிர்த்த முடியாது. மருந்தில்லாத இடத்தில், தறப்பாளுக்குக் கீழே நின்று என் கையை வெட்டி எடுக்காமல் காப்பாற்றியவர்களை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். அவர்களால் முடிந்தது அது. பிறகு செட்டிகுளம் முகாம், பிறகு மீள்குடியேற்றம். நரம்பு பார்க்கத் தெரிந்த ஒரு வைத்தியரின் முன்னால் நான் போய் இருந்தது 2011இல். "காலம் கடந்துவிட்டது அம்மா" என்றார். நான் அழவில்லை. எத்தனையோ பேர் உயிரையே விட்ட இடத்தில் இருந்து கையோடு வந்தவள் நான்.

எனக்குக் காலம் கடந்ததற்குக் காரணம் யுத்தம். என் மருமகனுக்குக் காலம் கடந்ததற்கு என்ன காரணம்? வீதி இருந்தது, பஸ் ஓடியது, ஆஸ்பத்திரி திறந்திருந்தது. அவனை ஒருவரும் அடித்து விரட்டவில்லை. ஒவ்வொரு மேசையிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மாதம் போனது.

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். நரம்புக்குக் காலம் கடந்தாலும் கைக்குக் காலம் கடப்பதில்லை. வேலை செய்யும் தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, வேலை செய்யாத இடத்தில் இணைத்துக் கட்டலாம். மணிக்கட்டு தொங்கிப்போனவர்களுக்கு வருசக்கணக்கு ஆன பிறகும் அது பயன் தரும். பல காலமாக இருந்துவரும் சத்திரசிகிச்சை இது. எனக்கு இது தெரிய வந்தது 2023இல், மருமகனோடு துணைக்குப் போன இடத்தில், அவனைப் பார்த்த வைத்தியர் என் கையையும் கண்டு கேட்டபோது. பதினாலு வருசம் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. வன்னியில் என்னைப் போல எத்தனை பேர் தொங்கின கையோடும் இழுபடும் பாதத்தோடும், இதுதான் முடிவு என்று நம்பிக்கொண்டு இருக்கிறார்கள்?

அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள்: போதுமான எண்ணிக்கை இல்லை.

உங்கள் பதில் வந்த கிழமையே என் பழைய மாணவிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். எங்கள் ஒழுங்கை, அடுத்த இரண்டு ஒழுங்கை, அவ்வளவுதான். கையில் ஒரு கடதாசித் துண்டு, ஒரு பேனா, கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்க்கக் கொஞ்சம் பஞ்சு. இரண்டு பின்னேரத்தில் 11 பேரைக் கண்டோம். பனையால் விழுந்து தோள் நரம்பு இழுபட்ட ஒரு சீவல் தொழிலாளி, எங்களைக் கண்டதும் எழும்பி, இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்டி வீதியில் மோட்டார் சைக்கிளால் விழுந்த ஒரு பெடியன், அவனுக்கும் தோள். பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு வெடித்து முழங்காலுக்குக் கீழே காயப்பட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பை றப்பர் பட்டியால் கணுக்காலோடு கட்டியிருந்த ஒரு விவசாயி. போத்தல் ஓட்டில் மணிக்கட்டு வெட்டுப்பட்ட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. மற்றவர்கள் என் காலத்துக் காயக்காரர். இந்த 11 பேரில் கிளினிக் கொப்பியில் "நரம்பு" என்ற சொல் எழுதப்பட்டவர்கள் மூன்று பேர். மற்ற எட்டுப் பேரும் உங்கள் கணக்கில் காயம் ஆறியவர்கள்.

இந்த எட்டுப் பேரையும் எழுதாமல் விட்ட பதிவேட்டைப் பார்த்துத்தான் எண்ணிக்கை போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் காயம் பட்டு நாலரை மாதம். அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த மடலை நான் அவசரமாக எழுதுவதற்கு முதல் காரணம் அவள்தான்.

உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று ஊரே பேசுகிறது. இருக்கிறவர்கள் இரண்டு ஆள் வேலை செய்கிறார்கள். தையல் போட்ட தாதியிலோ, விறைப்புப் போயிடும் என்று சொன்ன இளம் வைத்தியரிலோ எனக்குக் கோபம் இல்லை. நரம்பு நசுங்கி மட்டும் இருந்தால் அவர் சொன்னபடி விறைப்புப் போய்த்தான் இருக்கும். நசுங்கியதும், உள்ளிழை அறுந்ததும், முழுதாக அறுந்ததும் முதல் நாளில் ஒரே மாதிரித்தான் தோன்றும் என்று 1943இல் செடன் என்ற வைத்தியர் இவற்றை மூன்றாகப் பிரித்து எழுதிய காலத்தில் இருந்தே தெரியும். அதனால்தான் ஒருமுறை பார்த்து அனுப்பிவிடாமல் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க ஒரு ஒழுங்கு வேண்டும் என்கிறோம். அந்த ஒழுங்கைச் செய்ய வேண்டியது அந்த இளம் வைத்தியர் இல்லை. நீங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

நிறுத்திய பிசியோதெரபி சேவையை உடனே திரும்பத் தொடங்குங்கள். இதற்குப் புது ஆளும் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். பாதம் தூக்க முடியாதவர்களுக்கும் மணிக்கட்டு தொங்கியவர்களுக்கும் தாங்குபட்டையும் அந்தச் சேவையின் ஊடாகவே கிடைக்க வழி செய்யுங்கள். றப்பர் பட்டியால் செருப்பைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் நிலை அந்த மனிதருக்கு வேண்டாம்.

கையிலோ காலிலோ வெட்டுக்காயத்தோடு வரும் ஒவ்வொருவருக்கும், தையல் போடும் முன்பு, விரல்களைத் தொட்டும் அசைக்கச் சொல்லியும் பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும் என்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலை. தையல் வெட்டும் நாளிலும் அதே இரண்டு நிமிடம்.

வெட்டுக்காயத்துக்குக் கீழே விறைப்போ அசைவின்மையோ இருந்தால், துண்டுக்கு மேல் துண்டாக அலைய விடாமல், இரண்டு கிழமைக்குள் நரம்பு தைக்கத் தெரிந்த சத்திரசிகிச்சை வைத்தியரிடம் நேரே அனுப்புவதற்கு ஒரு வழியைத் திறந்துவிடுங்கள். துவக்குக் காயத்துக்கும் விழுந்த காயத்துக்கும் பொறுத்துப் பார்ப்பது முறை என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் கட்டாய மறுபரிசோதனைத் திகதி கொடுங்கள். நரம்புப் பரிசோதனை மெஷின் ஒன்றும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் வன்னிக்குள் இருக்க வேண்டும், மாதத்தில் இரண்டு நாளாவது.

மின்துடிப்பு விஷயத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தையும் நரம்பு தைக்கும் சத்திரசிகிச்சை வைத்தியர்களையும் ஒரு மேசைக்கு அழைத்துப் பேசுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு, காயப்பட்டவருக்குத் தமிழில் விளங்கப்படுத்தி, அவர் விரும்பினால் மட்டும், நரம்பு தைக்கும் அன்றைக்கே அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொடுக்கும் ஆய்வொன்றை இங்கே தொடங்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் எப்போது, முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். யுத்தத்தில் காயப்பட்ட உடல்களைப் பற்றிப் பல பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். எழுதினதுக்கு மேல் இங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த ஆய்வு இங்கே செய்யப்பட்டால் அதன் பலன் இங்கேயே மிஞ்ச வேண்டும்.

பழைய காயக்காரருக்கு, தசைநாண் மாற்றும் சத்திரசிகிச்சை பொருந்துமா என்று பார்க்க, ஒரு நாள் முகாம் வையுங்கள். 2009 காயக்காரருக்கு இது கிடைக்கும் என்று கிராம சேவகர் ஊடாக அறிவியுங்கள். எனக்கு நானே கேட்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கேட்கத்தான் செய்கிறேன்.

கடைசியாக, எண்ணுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நாலு மாவட்டத்திலும் நரம்புக் காயங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்குங்கள். எண்ணி முடித்த பிறகு போதுமா போதாதா என்று பேசலாம்.

இந்த மடலுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். நாங்கள் கண்ட 11 பேரின் பெயரும் விலாசமும் காயம் பட்ட திகதியும் அவர்களின் சம்மதத்தோடு எழுதி என்னிடம் இருக்கிறது. அதை இங்கே போட மாட்டேன், உங்கள் கையில்தான் தருவேன். எந்த நாள் வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
விசுவமடுப் பகுதி விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி